கவர்னர் மீது போட்டியாளர் அடுக்கும் புகார்கள்: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். எனக்கு அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது. கவர்னர் தேர்தலில் இதுதான் முதல் ஓட்டு. டிவியைப் போட்டால், எதிர்த்து நிற்பவர் ‘கரண்ட்டைக் கோட்டைவிட்டார், வீட்டு வரியை ஏற்றினார், வேலைவாய்ப்பைக் கெடுத்தார்’ என்று கவர்னரை வறுத்தெடுக்கிறார். கவர்னரோ எல்லாமே சாதனை என்கிறார். வீட்டிலிருந்தபடியே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே எண் சரியா என்று தேடாதீர்கள். போட்டியாளர் சொல்லும் எண் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசு ஏட்டில் இருக்கத்தான் செய்யும். குற்றம் சாட்டப்படும் விஷயம் கவர்னர் கையில் இருந்ததா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அமெரிக்கக் கவர்னரை நம்மூர் முதலமைச்சரைப் போல நினைத்துக்கொள்கிறோம். டெக்சஸில் அவருக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. துணை கவர்னரைக்கூட மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநிலச் செனட் சபை அந்தத் துணை கவர்னரின் பிடியில் இருக்கிறது.

வீட்டு வரியையே எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் அரசமைப்புச் சட்டப்படி மாநில அரசு சொத்து வரி போடக்கூடாது. உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள்: கவுன்ட்டி, நகராட்சி, ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டம் என்று வரிசையாக இருக்கும், மாநில அரசுக்கென்று ஒரு வரிகூட இருக்காது. பொதுவாகப் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. எனவே ‘கவர்னர் வரியை ஏற்றினார்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது பொய். அதற்காகக் கவர்னர் கைகழுவிவிடவும் முடியாது. பள்ளிகளுக்கு மாநில நிதி எவ்வளவு என்பதில் அவர் கையெழுத்து இருக்கிறது. அது போதாவிட்டால் பாரம் உங்கள் பில்லில்தான் வந்து இறங்கும். சாதனைப் பட்டியலுக்கும் இதே அளவுகோல்தான். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரி விலக்குப் பெறும் தொகை 2023-ல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலரானது. சட்டமன்றம் நிறைவேற்றி, நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்த பிறகே அது நடந்தது.

மின்சார விவகாரம் இன்னும் சிக்கலானது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். 2022 தேர்தலில் கவர்னர் கிரெக் அபட்டை எதிர்த்த பீட்டோ ஓ’ரூர்க் இதையே முக்கிய ஆயுதமாக்கினார். மின்கட்டமைப்பை நடத்துவது எர்காட் என்ற அமைப்பு. அதைக் கண்காணிப்பது பொதுப் பயன்பாட்டு ஆணையம். அந்த ஆணையர்களை நியமிப்பவர் கவர்னர். புயலுக்குப் பின் மூன்று ஆணையர்களுமே பதவி விலகினார்கள். ஆக, இந்தக் குற்றச்சாட்டுக்கு வேர் இருக்கிறது.

ஆனால் பழியைப் பங்கு பிரிக்கவும் வேண்டும். 2011 பிப்ரவரிக் குளிரிலும் இதே மாதிரி மின்நிலையங்கள் முடங்கின, குளிர்காப்பு செய்யுங்கள் என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் அப்போதே பரிந்துரைத்தது. அப்போது கவர்னர் ரிக் பெரி. அபட் 2015 ஜனவரியில் பதவிக்கு வந்தார். குளிர்காப்பைப் பரவலாகக் கட்டாயமாக்கிய சட்டம் 2021 ஜூனில்தான் வந்தது. பத்தாண்டு அலட்சியத்தில் அபட் பங்கு ஆறாண்டு. மீதி பெரிக்கு, சட்டமன்றத்துக்கோ முழுப் பத்தாண்டும். இத்தனை இருந்தும் ஏறத்தாழ 11 சதவீத வித்தியாசத்தில் அபட் ஜெயித்தார் என்பது வேறு கதை.

எண்ணைப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், எந்தக் கணக்கு, எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். இதற்கு விஸ்கான்சின் மாநிலத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே 2010 கவர்னர் தேர்தலில் நின்று வென்ற ஸ்காட் வாக்கர், முதல் பதவிக்காலத்திலேயே தனியார் துறையில் 2,50,000 வேலைகள் என்று வாக்குறுதி தந்தார். 2012-ல் அவரைத் திருப்பி அழைக்கும் தேர்தல் வந்தபோது, எதிர்த்து நின்ற டாம் பாரெட் முகாம் 2011-ல் மாநிலம் 33,900 வேலைகளை இழந்ததாகச் சொன்னது. அது மத்திய அரசின் மாதாந்திர மாதிரிக் கணக்கெடுப்பு. ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கையில் வாக்கர் அரசு வேறொரு கணக்கை நீட்டியது: அதே ஆண்டில் 23,321 வேலைகள் கூடின! இது வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் விவரம். தாமதமாக வரும், ஆனால் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களையும் எண்ணும். பின்னால் மத்திய அரசு சரிபார்த்தபோதும் வேலைகள் கூடியதாகவே வந்தது. அதாவது இரு தரப்பும் அரசு எண்ணைத்தான் சொன்னார்கள், போட்டியாளரின் எண்தான் பலவீனமானது. ஆனால் அதே காலாண்டுக் கணக்கை 2014 முடிவு வரை நீட்டினால் வாக்கரின் 2,50,000-ல் பாதி அளவுதான் தேறியது. 2014-ல் எதிர்த்த மேரி பர்க் அந்த வாக்குறுதியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்.

நீங்களும் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் இணையதளத்தில் காலாண்டுக் கணக்கையே தேடுங்கள், பக்கத்து மாநிலங்களோடும் ஒப்பிடுங்கள். நாடு முழுக்க வேலைகள் பெருகிய காலத்தில் எந்தக் கவர்னரும் மார்தட்டலாம். சரிந்த காலத்தில் எந்தப் போட்டியாளரும் சாடலாம்.

விளம்பரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டிவியில் வந்துவிட்டால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வேட்பாளரே தரும் விளம்பரத்தில் டிவி நிலையம் கைவைக்கக்கூடாது என்பது மத்தியச் சட்டம். ஒளிபரப்ப ஏற்றுக்கொண்டால், பொய்யென்று தெரிந்தாலும் அப்படியே ஓட்ட வேண்டும். வெளிக் குழுக்களின் விளம்பரத்தை மறுக்கலாம். கடைசியில் ‘பணம் கொடுத்தவர்’ என்று பொடி எழுத்தில் ஓடுவதைப் படியுங்கள்.

இன்னொரு அவசர வேலை: டெக்சஸில் புதிதாக வாக்காளராகப் பதிவதைப் பொதுவாக ஆன்லைனில் செய்ய முடியாது. படிவத்தில் கையெழுத்திட்டுத் தபாலிலோ நேரிலோ கவுன்ட்டி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், அதுவும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே. இன்னும் பதியவில்லையென்றால் அதை முதலில் முடியுங்கள்.