இணையம் இல்லாத ஊர்களுக்குத் தகவலை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

"இணைய இணைப்பு இல்லாத கிராமத்து ஆட்களுக்குத் தகவல் கிடைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வாசிகசாலையில் உதவிக்கு நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வன்னியில் சிக்னலே இல்லை என்று சொல்ல முடியாது. பிரதான வீதிக்கு வந்தால் போன் வேலை செய்யும், உள்ளே போகப் போகத்தான் கஷ்டம். சிக்னல் இருந்தாலும் டேட்டா போடக் காசு வேண்டுமே!

கருவி வாங்கமுதல் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். எங்களிடம் வருகிறவர்கள் தேடுவது சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள், நெல்லுக்கு வந்த நோய்க்கு மருந்து, காணி அனுமதிப்பத்திரத்துக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்பது. கலைக்களஞ்சியமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கருவி என்று பார்த்தால், கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் 2007 முதல் இருக்கிறது. அதைக்கொண்டு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலே வாசிக்கலாம். அதை ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற கையளவுக் கணினியில் போட்டால் அந்தச் சின்னப் பலகையே வைபை கொடுக்கும், போனை அதில் இணைத்து வாசிக்கலாம். கரண்ட் போனால் பவர் பாங்க் போதும். 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இருக்கும் ஈழத்துப் புத்தகங்கள், பழைய பத்திரிகைகள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப்தான். டவுனில் இறக்கிக் கொண்டுவந்து அதிலேயே சேர்க்கலாம்.

ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்த வைபையில் இணையம் இல்லை என்று கண்டதும் சில போன்கள் தாங்களாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். பிள்ளைகள் "அண்ணா, இது வேலை செய்யுதில்லை" என்று எழும்பிப் போய்விடுவார்கள். டேட்டாவை நிறுத்திவிட்டு இணைக்கச் சொல்லி, திறக்கவேண்டிய முகவரியையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

போன் பாவிக்காத ஐயாமார், அம்மாமாருக்கு இது சரிவராது. மலைநாட்டில் கொத்மலைச் சமூக வானொலி 1990களின் கடைசியிலேயே அதற்கு ஒரு வழி கண்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விளங்குகிற மொழியில் வானொலியில் சொல்வார்கள். என் எண்ணத்தில் கருவியைவிட அப்படித் தேடிச் சொல்லும் ஆள்தான் முக்கியம். வானொலி இல்லாவிட்டால் மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்துச் சொன்னாலும் போதும். பயிர் விஷயம் என்றால் சாதாரண போனிலேயே விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

அப்புறம், பிரிண்ட் எடுத்து ஒட்டும் ஒவ்வொன்றிலும் திகதி போடுங்கள். போன போகத்து உர மானிய அறிவித்தலைப் பார்த்துவிட்டுக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.