தெருவில் நிற்கும் பாதாம் மரத்துக் கொட்டையும் கடையில் விற்கும் பாதாமும் ஒன்றா? வாதுமை என்பது எது?

கேள்வி அனுப்பிய நீங்கள் ஊர் ஈரோடு என்று போட்டிருக்கிறீர்கள், கூடவே பாதாம் பிசின் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் பள்ளிக்கூட வாசலிலோ ரயில்வே குடியிருப்பிலோ நிற்கிற மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். கிளைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும், இலை உள்ளங்கையைவிடப் பெரிது, ஆண்டுக்கு இரண்டு தடவை செக்கச்செவேலென்று பழுத்துக் கொட்டும். அந்த மரம்தானுங்களே? அது கடைப் பாதாம் இல்லை. "காலடியில் பாதாம் கிடக்க, காசு கொடுத்து வாங்குகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அதை நம்பிக் கேட்டிருந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை.

மரத்தடியில் கிடப்பது நாட்டு வாதுமை. தாவரவியலில் டெர்மினாலியா கடாப்பா. மருது, கடுக்காய், தான்றி மூன்றும் இதன் பங்காளிகள். கடைப் பாதாம் புரூனஸ் டல்சிஸ். அதற்குப் பங்காளி பீச், ப்ளம்ஸ், ஆப்ரிகாட். மேட்டுப்பாளையத்தில் சீசனுக்கு மலையிலிருந்து இறங்கும் ப்ளம்ஸ் ஒன்றைத் தின்றுவிட்டுக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே குட்டியாக ஒரு பாதாம் இருக்கும்: ஒரு பக்கம் கூர், மேலே அதே பழுப்புத் தோல். பாதாம் மரத்துக் காயும் இதே அமைப்புதான். சதை மட்டும் பழுக்காமல் தோலாக வற்றி வெடித்துவிடும், உள்ளிருக்கும் விதையை நாம் தின்கிறோம். ப்ளம்ஸ் விதையை உடைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தின்ன வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

நாட்டு வாதுமைக் கொட்டையைத் தாராளமாகத் தின்னலாம், விஷமில்லை. ஆனால் வேலை அதிகம். பச்சைக் காயை உடைத்தால் நார் கல்லில் ஒட்டிக்கொள்ளும், பருப்பு நசுங்கிக் கூழாகிவிடும். பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதை வற்றும்வரை மூன்று நான்கு நாள் வெயிலில் போடுங்கள். பிறகு படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மேல் விளிம்பில் ஓங்கி ஒரே அடி. தட்டித் தட்டி அடித்தால் நார் சாய்ந்து கொடுக்கும், ஓடு பிளக்காது. உள்ளே வருவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் குச்சி மாதிரி ஒரு பருப்பு. நகத்தால் நெம்பினால் சுருட்டிய காகிதம்போல் இதழ் இதழாகப் பிரியும். கடைப் பாதாம் இப்படிப் பிரியாது, இரண்டு பாதியாகத்தான் பிளக்கும். இந்த ஒரு அடையாளம் போதும், இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ருசி கிட்டத்தட்ட அதேதான், எண்ணெய்ச் சத்தும் நல்லபடியாக உண்டு. ஒரு கைப்பிடி பருப்புக்கு நூறு காய் உடைக்க வேண்டும் என்பதால்தான் யாரும் வியாபாரம் செய்யவில்லை. வவ்வால் சப்பிப் போட்டதை மட்டும் எடுக்காதீர்கள்.

இனி நர்சரிக்காரர்களைப் பற்றி. "பாதாம் கன்று" என்று நம்ம பக்கம் விற்பதில் பெரும்பாலானவை நாட்டு வாதுமை. அதைச் சொல்லி விற்றால் நல்ல நிழல் மரம், பிரச்சினையே இல்லை. சிலர் நிஜப் பாதாம் கன்றையே ஆன்லைனில் வரவழைத்து விலை வைத்து விற்கிறார்கள், அதுதான் அநியாயம். பாதாமுக்கு மொட்டு விழித்துக்கொள்ளவே 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில நூறு மணி நேரக் குளிர் வேண்டும், அதன்பின் மழையில்லாத கோடை வேண்டும். ஈரோட்டில் முதலாவதே கிடையாது. ஊட்டியில் குளிர் உண்டு, ஆனால் காய் முற்றுகிற மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் பாதாம் விளைவது காஷ்மீரிலும் இமாச்சலிலும். உலக விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு கலிபோர்னியா. இங்கே நட்டால் இலை விடும், சில வருஷம் நிற்கும், காய்க்காது. "எங்க வீட்டில் காய்க்குது" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து இலையைப் படம் எடுத்துப் போடுங்கள். பாதாம் இலை மாவிலையைவிட ஒடுக்கமாக, விளிம்பில் நுண்ணிய பல்லோடு இருக்கும்.

பெயருக்கு வருகிறேன். பாரசீகத்தில் பாதாம். வடமொழியில் வாதாம, வாதாத என்று வரும். தமிழில் வாதுமை. நம்ம பெரியவர்கள் வாயில் வாதாங்கொட்டை, பாதாங்கொட்டை. அரபியில் லௌஸ். ஹைதராபாத்தில் "பாதாம் கி லௌஸ்" என்று வில்லை வில்லையாக விற்பார்களே, அந்த லௌஸ் இதுதான். ஆங்கில ஆல்மண்ட் வேறு வழி: கிரேக்கத்தில் அமிக்டலே, லத்தீனில் அமிக்டலா, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்னால் ஒட்டிய 'அல்', அரபிச் சொற்களின் முன்னொட்டைப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். மூளையில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருப்பதும் பாதாம் வடிவத்தில் இருப்பதால் வைத்த பெயர். கடாப்பா மட்டும் இதில் எதிலும் சேராது, அது மலாய் மொழியின் கேத்தபாங். இரண்டு மரத்துக்கும் தமிழில் வாதுமை என்ற ஒரே சொல் புழங்குவதால், பழைய மருந்துக் குறிப்பில் வெறுமனே "வாதுமை" என்று இருந்தால் எந்தப் பாகம் என்று பாருங்கள். பருப்பு, எண்ணெய் என்றால் பெரும்பாலும் கடைப் பாதாம், இலை, பட்டை என்றால் நாட்டு வாதுமை. சித்த மருத்துவம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், 'பெரும்பாலும்' என்றுதான் சொல்கிறேன்.

கசப்பு விஷயத்துக்கு வருவோம். பாதாமில் இனிப்பு, கசப்பு என்று இரண்டு உண்டு. கசப்புப் பாதாமில் அமிக்டலின் இருக்கிறது (பெயரே பாதாமிலிருந்து வந்ததுதான்). மென்றதும் ஈரம் பட்டு உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். ப்ளம்ஸ், ஆப்ரிகாட் விதைகளிலும் அதே பொருள்தான். கடைப் பாதாமில் எப்போதாவது ஒன்று கசந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள், ஒன்றால் ஒன்றும் ஆகாது. ஒரு பாக்கெட்டில் பல கொட்டை கசந்தால் அது பாதாமே இல்லை, ஆப்ரிகாட் விதையாக இருக்கலாம்: கொஞ்சம் சிறிது, தட்டை, இதய வடிவம். அந்தப் பாக்கெட்டைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிற வீடுகளில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு பாதாமையும் கல்லில் உரசுகிறார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் கொடுப்பதாக இருந்தாலும் அந்தக் கொட்டையில் ஒரு துணுக்கு நீங்கள் முதலில் கடித்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

"பாதாம் எசன்ஸ்" வாசனை என்று நமக்குப் பழகியிருப்பதும் கசப்புப் பாதாமின் வாசனைதான், பென்சால்டிஹைடு. இனிப்புப் பாதாமை அரைத்தால் அந்த நெடி வராது. கல்யாண மண்டபத்தில் கொடுக்கிற மஞ்சள் பாதாம் பால் பல இடங்களில் கஸ்டர்டு பவுடர், கலர், எசன்ஸ், மேலே தூவிய நாலு பாதாம் சீவல். அந்த வாசனைக்குப் பழகிய நாக்கு வீட்டில் செய்ததைக் குடித்துவிட்டு "பாதாம் வாசமே இல்லீங்களே" என்கும். என்ன செய்ய.

வீட்டில் செய்ய, ஒரு லிட்டர் பாலுக்கு 40 பாதாம், சுமார் 50 கிராம். கொதிநீரில் இருபது நிமிடம் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், இரவே பச்சைத் தண்ணீரில் போட்டாலும் சரி. அரைக்கும்போது கால் டம்ளர் ஆறிய பால் ஊற்றுங்கள். பாலில்லாமல் மிக்சியை ஓட விட்டால் எண்ணெய் பிரிந்து உருண்டை கட்டும், பிறகு பாலில் கரையாது. பால் முக்கால் பங்காகக் குறுகியபின் விழுதைச் சேர்த்து, அடுப்பைச் சிறிதாக்கி எட்டுப் பத்து நிமிடம் அடி துழாவ வேண்டும். இங்கேதான் அடி பிடிக்கும். சர்க்கரை 80 முதல் 100 கிராம், கடைசியில். குங்குமப்பூ நாலு இழை, ஏலக்காய் ஒன்று. குடித்ததும் நாக்கின் அடியில் காறல் தெரிந்தால் பாதாம் பழசு. கோவை ரங்கே கவுடர் வீதியில் மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், வெயில் காலத்தில் அலமாரி உதவாது.

பாதாம் எண்ணெய்க்குச் சுருக்கமாக: பாட்டிலின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் சேர்மானத்தைப் படியுங்கள். முதல் பெயரே லைட் லிக்விட் பாரஃபின் என்றால் அது மினரல் ஆயில், பாதாம் பெயருக்குத்தான். யுனானிக் கடையில் ரோகன் பாதாம் ஷிரின் என்று கேட்டால் இனிப்புப் பாதாம் எண்ணெய் கிடைக்கும்.

பாதாம் பிசினுக்கு வருகிறேன். அது கடைப் பாதாம் மரத்துக் கசிவு, நம்ம தெரு மரத்தில் தேட வேண்டாம். ஒரு தேக்கரண்டியை இரண்டு டம்ளர் தண்ணீரில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்தால் கட்டி கட்டியாக உப்பி நிற்கும், கரையாது. கரைந்து பசையாகிவிட்டால் கடைக்காரர் கொடுத்தது வேலம் பிசின். நடுவில் கெட்டியாக மணி இருந்தால் இன்னும் ஊற வேண்டும். அரைகுறையாக ஊறியதை விழுங்கினால் வயிற்றுக்குள் போய் உப்பும்.

கேள்வியில் இல்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இலை கொட்டுகிறது, கூட்ட முடியவில்லை என்று அடுக்குமாடிச் சங்கங்களில் நாட்டு வாதுமை மரத்தைத் தீர்மானம் போட்டு வெட்டுகிறார்கள். வெட்டிவிட்டு அதே இடத்தில் கார் நிறுத்தத் தகரக் கூரை. அந்த இலையை மீன் வளர்ப்பவர்கள் ஆன்லைனில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஃபைட்டர் மீன் தொட்டிக்கு. தானாக விழுந்து பழுப்பாகக் காய்ந்ததை மட்டும் எடுங்கள், பூச்சிமருந்து அடித்த இடம் வேண்டாம். கழுவி, 40 முதல் 50 லிட்டருக்கு ஓர் இலை போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், அமிலத்தன்மை லேசாக ஏறும். உப்புப் போர்வெல் தண்ணீரில் நிறம் மட்டும்தான் மாறும், அந்தத் தண்ணீரின் காரத்தன்மை அமிலத்தை அடக்கிவிடும். உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடானால் பாதி இலையில் தொடங்குங்கள்.