உதிர்ந்த பழத்தை ஆமைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். ஒரு வருடமாக 'சல்கேட்டா' என்ற வெளிநாட்டு ஆமையை வளர்க்கிறோம். கொல்லையில் கொய்யா, பப்பாளி, மாமரம் இருக்கின்றன. உதிரும் பழத்தை ஆசையாகத் தின்கிறது. பத்து நாளாக மலம் இளகிப் போகிறது. மருந்து அடிக்காத பழம்தானே, ஏன் இப்படி?

பதில்: பழத்தில் மருந்து இல்லாதது நல்லதுதான். ஆனால் இங்கே தொந்தரவே பழம்தான். சல்கேட்டா, சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்துப் புல்வெளியில் வாழும் ஆமை. காய்ந்த புல்லைத் தின்று, குடலில் இருக்கும் நுண்ணுயிர்களை வைத்து மெதுவாகச் செரிக்கும். மாட்டுக்கு ஒரு வாளி சோறு வைத்தால் வயிறு புளித்துக் கெடும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பழத்தின் சர்க்கரை ஆமைக்கு அதையேதான் செய்கிறது. போன சித்திரையில் என்னிடம் சிகிச்சைக்கு இப்படி ஓர் ஆமையைக் கொண்டுவந்தார்கள். தாடையில் மாம்பழக் கூழ் காய்ந்து ஒட்டி, எறும்பு மொய்த்திருந்தது. மலத்தில் கள் போலப் புளித்த வாடை.

இன்றே பழத்தை நிறுத்துங்கள். அருகம்புல், கொழுக்கட்டைப்புல்தான் முக்கால் பங்குக்கு மேல் இருக்க வேண்டும். கூடவே செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் ஓடு) வாங்கிப் போடுங்கள், அதுவே கொறித்துக்கொள்ளும். வயிறு சரியான பிறகு மாதம் ஒருமுறை கட்டைவிரல் நகம் அளவு கொய்யா போதும். தினமும் காலையில், ஆமையை வெளியே விடும் முன், மரத்தடியைப் பெருக்கிவிடுங்கள்.

'இதுக்குப் பழம்தாங்க சாப்பாடு' என்று விற்றவர் சொல்லியிருப்பார். இவர்களை நம்பி எத்தனை ஆமைகள் என் மேசைக்கு வந்துவிட்டன! உள்ளங்கை அளவுக் குட்டியைக் காட்டி 'இதுக்கு மேல வளராது' என்பார்கள். சல்கேட்டா ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும், நம்மைத் தாண்டியும் வாழும். நீர் ஆமைக்கான புரதத் தீனியைத் தலையில் கட்டுவார்கள். 'அதிர்ஷ்ட ஆமை' என்று நட்சத்திர ஆமையை நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பதே குற்றம். சல்கேட்டாவுக்கும் 2024 விதிகளின்படி 'பரிவேஷ்' என்ற அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும். விற்கும்போது எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்? அவர்களைக் கேட்பாரில்லை, வாங்கியவர்தான் அலைகிறார். எங்கள் கால்நடை மருத்துவப் படிப்பிலும் மாடு, ஆடு, கோழிதான் பெரும்பகுதி. ஊர்வனவற்றுக்கு ஒரு மூலைதான் கிடைக்கிறது. ஆமை பார்க்கும் மருத்துவரைத் தேடியே மக்கள் களைத்துப் போகிறார்கள்.

வீடியோவில் ஆமை தட்டு நிறையப் பழம் தின்கிறதே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் தென்னமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமை. ஈரக் காட்டில், மரத்திலிருந்து விழும் பழத்தைத் தின்று பழகிய இனம். அதன் காலில் சிவப்போ ஆரஞ்சோ நிறச் செதில்கள் தெரியும், ஓடு கருமையாக இருக்கும். உங்களுடையது மணல் நிறம், தொடையின் பின்பக்கம் முள் மாதிரிப் புடைப்புகள் இருக்கும். ஓடு இரண்டும் ஓடுதான், வயிறு வேறு. அதற்கு ஒத்துக்கொள்வதை இதற்குக் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து யாராவது பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்தால் ஆமைக்குக் காட்டவே வேண்டாம். சீத்தாப்பழ விதையும் ஆகாது. எல்லாவற்றையும் விட அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூக்கிறது, நம் ஊரில் வேலியோரம் அரளி இல்லாத வீடு குறைவு. இலை, பூ, காய்ந்த சருகு எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம். வேலியை வெட்டும் நாளில் ஆமையை உள்ளே வையுங்கள். கீழே கிடப்பதைக் கூட்டி அள்ளிய பிறகே வெளியே விடுங்கள்.

நாளைக் காலை போடும் மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, வெயில் படாமல், அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள். பத்து நாள் ஆகிவிட்டதால் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதுவரை தினமும் கால் மணி நேரம், தாடை முங்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். கடைக்காரர் கொடுக்கும் புழு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். 'ஐவர்மெக்டின்' ஆமையைக் கொன்றுவிடும்.