முன்பக்கச் சுருள்வில்லை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னுடைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பக்கம் இடதுபுறம் தாழ்ந்து நிற்பதால், சுருள்வில்லை (காயில் ஸ்பிரிங்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வில்லை அழுத்திப் பிடிக்கும், கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு ஜோடியை இணையத்தில் 1,200 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுப் போர்ட்டிகோவில் நானே மாற்றலாமா? பின்பக்கத்துக்கும் இதே கருவி போதுமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பின்பக்கத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் இருப்பது சுருள்வில் அல்ல, அடுக்குப் பட்டைகளால் ஆன கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). அதற்கும் இந்தக் கருவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முன்பக்கத்தில் கை வைப்பதற்கு முன், குற்றம் சுருள்வில்லில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சமமான தரையில், நான்கு டயர்களிலும் சரியான காற்றோடு வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் வண்டி குதிக்குமே தவிர, இப்படி ஒரு பக்கமாகத் தாழ்ந்துவிடாது; வண்டியின் உயரத்தைத் தாங்கி நிற்பது சுருள்வில்தான். அதன் கீழ்ச்சுற்றின் நுனி உடைந்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேறும் ஈரமும் தங்கும் இடம் என்பதால், துரு பிடித்து அங்கேதான் பெரும்பாலும் உடையும். முன்னால் கனத்த இரும்புத் தடுப்புக் கம்பி பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளப்பது நல்லது. அதைப் பொருத்துவதற்கே அனுமதி கிடையாது என்பது ஒருபுறமிருக்க, அந்த எடை அப்படியே இருந்தால் புதிய வில்லும் விரைவில் தளரும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றியுள்ள சுருள்வில்லும் மேல்தட்டோடு சேர்ந்து ஒரே தொகுப்பாகக் கழன்று வரும். வண்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகும் வில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது என்பதைத்தான் புதிதாகச் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: ஒரு மில்லிமீட்டர் அழுத்த 100 நியூட்டன் விசை தேவைப்படும் வில்லை 80 மில்லிமீட்டர் அழுத்தினால், அது திருப்பித் தள்ளும் விசை 8,000 நியூட்டன், அதாவது சுமார் 815 கிலோ எடைக்குச் சமம். அதில் அடைபட்டிருக்கும் ஆற்றல் 320 ஜூல். 10 கிலோ இரும்புக் குண்டு மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. அந்த ஆற்றல் முழுவதையும் உங்கள் கருவியின் இரண்டு மரைத்தண்டுகளும் நான்கு கொக்கிகளுமே பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு பட்டறையில் கொக்கி வழுக்கியபோது, வில் பாய்ந்துபோய் இரும்பு ஷட்டரில் ஏற்படுத்திய பள்ளத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அங்கே யாரும் நிற்காததால் ஷட்டரோடு போயிற்று.

ஆகவே, என் ஆலோசனை இதுதான்: தொகுப்பைக் கழற்றுவதையும் திரும்பப் பொருத்துவதையும் நீங்கள் செய்யுங்கள், வில்லை மட்டும் மாற்றுகிற அந்த அரைமணி நேர வேலையை, தரையிலோ சுவரிலோ பதித்த அழுத்துபொறி உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கழற்றும்போது சட்டத்தை ஜாக்கியின் மேல் விடாமல் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள்; பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடாமல் கட்டி வையுங்கள். மேலே சட்டத்தோடு இணைக்கும் சுற்று நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டு ஷாக் அப்சார்பரின் தண்டைப் பிடித்திருப்பது. வில்லை அழுத்திக் கட்டாமல் அதைக் கழற்றினால் மேல்தட்டு பீரங்கிக் குண்டுபோல் கிளம்பும். இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான தவறு இதுவே.

இவ்வளவுக்குப் பிறகும் நீங்களேதான் செய்வதென்றால், முதலில் கையில் இருக்கும் கருவியைச் சோதியுங்கள். எவ்வளவு விசை தாங்கும் என்று அதில் பொறித்திருக்க வேண்டும். பொறிக்காத கருவியைத் தொடாதீர்கள். கார்களுக்கென்று செய்த கொக்கிகள் பிக்கப் வண்டியின் தடித்த வில் கம்பியில் முழுமையாக உட்காராமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். உங்கள் 1,200 ரூபாய்க் கருவியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கொக்கி நழுவாமல் தடுக்கும் பூட்டு ஊசி இல்லாவிட்டாலும், மரை தேய்ந்திருந்தாலும், தண்டு சிறிதளவு வளைந்திருந்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.

கருவி தேறினால், வில்லில் படிந்த எண்ணெயையும் சேற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, மரைக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். இரண்டு தண்டுகளும் நேரெதிராக, கூடியவரை அதிகச் சுற்றுகளை உள்ளடக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு திருகு, மறுபக்கம் இரண்டு திருகு என்று மாறி மாறி, கை ராட்செட்டால் மட்டுமே முறுக்குங்கள். நட்டை வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் வைத்தால் மரை சூடேறிச் சிக்கிக்கொள்ளும், பாரம் ஏறுவதும் கைக்குத் தெரியாது. வில் வாழைப்பழம்போல் வளையத் தொடங்கினால் ஒரு பக்கம் மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே தளர்த்திச் சமப்படுத்துங்கள். வில்லின் இரு முனைகளும் மனிதர் இல்லாத சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும், உங்கள் முகமும் தொடையும் அந்தக் கோட்டில் வரவே கூடாது. தட்டுகளிலிருந்து வில் விடுபட்டுக் கையால் அசைகிற அளவு போதும். அதற்கு மேல் ஒரு திருகும் வேண்டாம். அழுத்திய வில்லை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும், மறுநாள் பார்க்கலாம் என்று மூலையில் சாய்த்து வைப்பதும் கூடாது. கொக்கிக்குப் பதில் கயிறோ சங்கிலியோ கட்டிச் சமாளிக்கும் பழக்கத்தைப் பற்றி நான் விளக்கம் எதுவும் சொல்லப் போவதில்லை.

வில்லை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது அமரும்போது அதன் நுனி கீழ்த்தட்டில் உள்ள தடுப்பில் சரியாக முட்டி நிற்க வேண்டும். நடு நட்டு புதிதாக இருக்க வேண்டும். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காமல், வண்டியின் எடை டயர்களில் இறங்கிய பிறகே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இல்லையென்றால் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். உயரம் மாறியிருப்பதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடி வில் படிந்த பிறகு, முதலில் அளந்த அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.