மாட்டு வைத்தியம் எங்கே தொடங்கியது? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் கால்நடை மருத்துவம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இது கிடைத்தது. வீட்டில் சந்தோஷம்தான். ஆனால் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் "ஓ, மாட்டு டாக்டரா" என்று ஒரு சிரிப்பு சிரிக்கிறார்கள். அது போகட்டும். அறிமுக வகுப்பில் கால்நடை மருத்துவக் கல்வி 1761இல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் தொடங்கியது என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. குதிரைக்குச் சாலிஹோத்திரர், யானைக்குப் பாலகாப்பியர், விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்த அசோகர் என்று நம்மிடம் இல்லாததா? என் தாத்தாவே மாட்டு வாகடம் (மாட்டு வைத்தியச் சுவடி) வைத்திருந்தவர். இது வெள்ளைக்காரன் தனக்காக எழுதிக்கொண்ட வரலாறு இல்லையா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் லியோன் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. எது பழசு என்ற போட்டியில் நாம் சுலபமாக ஜெயித்துவிடலாம், அப்படி ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறொன்றைக் கேட்பேன்: அந்தந்தக் காலத்தில் வைத்தியரின் முன்னால் நின்ற விலங்கு எது, அது யாருடையது?

நீங்கள் சொன்ன பெயர்களையே எடுத்துக்கொள்வோம். சாலிஹோத்திரர் பெயரில் இருப்பது குதிரை நூல், பாலகாப்பியர் அங்க நாட்டு அரசனுக்குச் சொன்னதாக இருப்பது யானை நூல். ரோமாபுரிப் பக்கம் போனால் வெஜீஷியஸ் எழுதியதும் முக்கியமாகக் குதிரையும் கோவேறு கழுதையும்தான். குதிரையும் யானையும் அன்றைய பீரங்கி வண்டிகள், பழுதானால் ராஜாவுக்கு நஷ்டம், ஆகவே அவற்றுக்கு வைத்தியரும் உண்டு, சுவடியும் உண்டு. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஹமுராபி சட்டத்தில் மாட்டுக்கும் கழுதைக்கும் அறுவை செய்கிறவனுக்கு இவ்வளவு கூலி, விலங்கு செத்தால் இவ்வளவு தண்டம் என்றே இருக்கிறது. அசோகருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கு, விலங்குக்கு என இரண்டு வகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறது, அந்தப் பட்டியலில் சோழர், பாண்டியர் நாடுகளும் தாமிரபரணி (அதாவது இலங்கை) வரைக்குமான இடங்களும் வருகின்றன. ஓர் அரசர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது என்று கழித்துக்கொண்டாலும் பெரிய விஷயம்தான்.

உங்கள் தாத்தாவின் வாகடத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வயிறு உப்பிய மாடு, கொம்பு உடைந்த காளை, கன்று குறுக்கே நிற்கும் ஈற்று, இதிலெல்லாம் கை பழகிய வைத்தியர் நிறையப் பிழைக்க வைத்திருக்கிறார். ஆனால் வாகடம் ஒரு மாட்டைப் பார்க்கிறது. ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்தால்?

படுத்தன, திரும்பத் திரும்ப. அதுதான் வெக்கை, ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டுக் கொள்ளைநோய். காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும், வாயைத் திறந்து பார்த்தால் ஈறில் தவிட்டை அப்பியது போல வெள்ளையாகப் புண், அப்புறம் நாற்றத்தோடு பீய்ச்சியடிக்கும் கழிச்சல், பத்துப் பன்னிரண்டு நாளில் மாடு முடிந்துவிடும். நம்முடைய தட்டம்மைக் கிருமிக்கு நெருங்கிய சொந்தம் இதன் வைரஸ். இதற்கு மருந்து அன்றும் இல்லை, கடைசிவரை வரவும் இல்லை. உலகம் இதை ஜெயித்தது வைத்தியம் பார்த்து அல்ல.

1711இல் இது இத்தாலிக்குள் புகுந்தபோது போப்பின் மருத்துவர் லான்சிசி சொன்ன யோசனை அன்றைக்கு அபசாரமாகப் பட்டிருக்கும்: கஷாயம் காய்ச்சி நேரத்தை வீணாக்காதீர்கள், நோய் கண்ட மாட்டைக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், மாட்டு நடமாட்டத்தை நிறுத்துங்கள், மீறினால் கடும் தண்டனை. போப்பின் ஆட்சிப் பகுதியில் நோய் அடங்கியது, மற்ற பல நாடுகளில் அந்த நூற்றாண்டு முழுக்க மாடு செத்துக்கொண்டே இருந்தது. மனிதருக்கு வைத்தியம் பார்த்த ஒருவர் மாட்டுக்காகக் கண்ட வழி இது. நோயாளி ஒருவரைக் காப்பாற்றுவது என்பதிலிருந்து மந்தையைக் காப்பாற்றுவது என்று இங்கே திரும்புகிறது. உங்கள் படிப்பின் அச்சாணி அது. கொரோனா காலத்தில் ஊரடங்கு என்றபோது பல மனித டாக்டர்களுக்கே புதிதாக இருந்த சங்கதி கால்நடை மருத்துவர்களுக்குப் பழைய பாடம்.

லியோன் வருவது இந்த இடத்தில்தான். அதைத் தொடங்கிய குளோத் பூர்ஷெலா மருத்துவரே இல்லை, குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர், அவருடைய மனசும் குதிரை மேல்தான். ஆனால் பிரெஞ்சு அரசு 1761 ஆகஸ்டில் அனுமதி கொடுத்ததற்குக் காரணம் நாட்டின் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன என்பது. அடுத்த வருஷம் பள்ளி திறந்தது, படித்துக்கொண்டிருந்த பையன்களையே கிராமங்களுக்கு நோயடக்க அனுப்பினார்கள். குடியானவனின் மாட்டுக்காக ஓர் அரசு பள்ளிக்கூடம் வைத்து ஆள் தயார் செய்தது, அதனால்தான் அந்த வருஷத்தைச் சொல்கிறார்கள். கருணையினால் அல்ல, வரியும் உழவும் இறைச்சியும் போய்விடும் என்ற பயத்தினால்தான். பரவாயில்லை, பயமும் சில நல்ல காரியம் செய்யும்.

வெள்ளைக்காரன் வரலாறு என்றீர்கள். வெள்ளைக்காரன் செய்த கேட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1880களின் கடைசியில் எரித்திரியாவில் இறங்கிய இத்தாலியப் படை கொண்டுவந்த மாடுகளோடு வெக்கை ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று (அந்த மாடுகள் இந்தியாவில் வாங்கியவை என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள்). பத்து வருஷத்துக்குள் தென்முனை வரை. போன வழியில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு செத்தது, எத்தியோப்பியாவில் ஏரில் பூட்ட மாடில்லாமல் பெரும் பஞ்சம்.

இந்தியாவில் 1889இல் புனாவில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை, கிருமி ஊர் மாடுகளுக்குப் பரவிவிடக் கூடாது, குளிரும் வேண்டும் என்று 1893இல் குமாவுன் மலையில் முக்தேஷ்வருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து ஆட்டுக்கு என்று மாற்றிக்கொண்டே போய், மாட்டைக் கொல்லும் வீரியம் குறைந்த தடுப்பூசியைக் கொண்டுவந்தார். அப்புறம் 1960 வாக்கில் கென்யாவில் வால்டர் பிளௌரைட் திசு வளர்ப்பில் செய்த ஊசி, ஒருமுறை போட்டால் மாட்டுக்கு ஆயுசுக்கும் போதும். நம் சென்னை வேப்பேரிக் கல்லூரி நடுவில் 1903இல் வருகிறது.

ஊசி நன்றாக இருந்தும் வெக்கை சட்டென்று போகவில்லை. நம் நாட்டில் ஒழிப்புத் திட்டம் 1954இல் ஆரம்பித்தது, நாற்பது வருஷம் இழுத்தது. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் ஒளிந்திருக்கிறதா, நிஜமாகவே போய்விட்டதா என்று தெரியாது. ஆகவே ஒரு கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டு, எங்காவது தலைகாட்டுகிறதா என்று சந்தை சந்தையாக, கிராமம் கிராமமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், நம் வட ஆற்காட்டுப் பக்கம். உலகத்தில் அது இல்லை என்று 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். செய்தித்தாளில் எந்த மூலையில் வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்தச் சிரிப்பு பற்றி. பூச்சி கடித்து நோய் பரவும் என்று ராஸ் கொசுவில் மலேரியாவைக் காண்பதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1893இல், டெக்ஸஸ் மாட்டுக் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம் என்று ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்து எழுதிவிட்டார்கள். கில்போர்ன் கால்நடை மருத்துவர். அவர்கள் செய்தது எளிமையான காரியம், தென்பகுதி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கத்தி மாடுகளோடு ஒரே வயலில் விட்டார்கள். வடக்கத்தி மாடுகள் நோயில்லாமல் நின்றன. உண்ணிதான் என்று மாடு வளர்ப்பவர்கள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள், படித்தவர்கள் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்திருந்தார்கள். அடுத்த கல்யாணத்தில் உங்களைக் கேலி செய்கிற சித்தப்பாவின் தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும், அந்த ஊசியைக் கால்மெத்தோடு சேர்ந்து பதின்மூன்று வருஷம் வளர்த்தெடுத்த கமீல் கெரானும் மாட்டு டாக்டர்தான், எடுத்துக்கொண்ட கிருமியும் மாட்டுக் காசநோய்க் கிருமி. சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

கடைசியாக ஒன்று. 1995இல் வட ஆற்காட்டில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஊசி போட்டவர்களில் சிலர் இன்னும் பணியில் இருப்பார்கள், பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதற்கும் முன்னால் 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில், வெக்கை மாதிரியே இருந்து வெக்கை இல்லாத ஆட்டுக்கொல்லி நோயை இந்தியாவிலேயே முதலில் கண்டார்கள். இன்று உலகம் ஒழிக்கக் குறிவைத்திருக்கும் அடுத்த நோய் அது. இதெல்லாம் உங்கள் துறை ஆட்களின் வாயில் இருக்கிறது, தமிழில் எழுத்தில் அதிகம் இல்லை. லீவில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டு எழுதி அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன். அப்படியே தாத்தாவின் வாகடம் வீட்டில் இருந்தால் பூச்சி அரிப்பதற்குள் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து வையுங்கள்.