பாவம்தான், ஆனால் யார்?

கேள்வி: இங்கிலாந்தின் சாமர்செட் கவுன்டி கிரிக்கெட் அணியின் டாம் பான்டன் 2025-ல் 371 ரன் விளாசினார். ஆனாலும் அந்த அணி ஒருமுறைகூட கவுன்டி சாம்பியன்ஷிப் பட்டம் வென்றதில்லையாமே! பாவம் இல்லையா அவர்கள்? நம் ஊர்க்காரர்கள் யாராவது அங்கே ஆடியிருக்கிறார்களா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: பாவம் எல்லாம் இல்லை. 1891-லிருந்து சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறார்கள், பட்டம் இல்லை, ஆறு தடவை இரண்டாம் இடம். அவ்வளவுதான். டி20 கோப்பையை மூன்று முறை தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்து மன்னார்குடியில் உட்கார்ந்து உச்சுக்கொட்ட வேண்டியதில்லை.

யார் மேலாவது பாவப்பட்டே தீரவேண்டும் என்றால் ஆளை நான் தருகிறேன். பெயர் பெர்ட்டி பியூஸ். அந்தக் காலத்துக் கவுன்டி வீரர்களுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. பல வருடம் உழைத்தவருக்கு கிளப் ஓர் ஆட்டத்தை 'பெனிஃபிட்' என்று ஒதுக்கித் தரும். வாசல் வசூல் வீரருக்கு. ஆட்டத்துக்கான செலவும் அவர் தலையில்தான். பியூஸுக்கு 1953 ஜூனில், பாத் நகர மைதானத்தில், லங்காஷயருக்கு எதிரான மூன்று நாள் ஆட்டம் கிடைத்தது. மூன்று நாளும் கூட்டம் வந்தால் ஒரு வீடாவது தேறும் என்று மனுஷன் கணக்குப் போட்டிருப்பார்.

பிட்ச் புதிதாகப் போட்டது. பந்து ஒன்று முட்டிக்கு வந்தது, அடுத்தது மூக்குக்கு வந்தது. சாமர்செட் 55 ஆல் அவுட். லங்காஷயர் 158. சாமர்செட் மறுபடி 79. இன்னிங்ஸ் மற்றும் 24 ரன் வித்தியாசத்தில் தோல்வி, எல்லாம் முதல் நாள் சாயங்காலத்துக்குள். இதில் லங்காஷயரின் ஆறு விக்கெட்டைச் சாய்த்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்து வைத்தவர் யார்? பியூஸேதான். மொய் எழுத உட்கார்ந்தவரே பந்தலுக்குத் தீ வைத்த மாதிரி. அன்றைக்கு ஒரு கேட்ச் கோட்டை விட்டிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 41 ரன்னுக்கு 6 விக்கெட் என்று புள்ளிவிவரப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. பாவம் என்றால் அது பாவம்.

பான்டனின் 371-க்கு வருகிறேன். அது எந்த அணிக்கு எதிராக என்பதை நீங்கள் எழுதவில்லை. வூஸ்டர்ஷயர். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1988-ல், பான்டன் அடித்த இதே டான்டனில், அதாவது சாமர்செட்டின் சொந்த மைதானத்தில், இதே வூஸ்டர்ஷயருக்காக ஆடிய கிரேம் ஹிக், சாமர்செட்டை 405 நாட் அவுட் என்று துவைத்துவிட்டுப் போனார். (அதற்கு முன்பு 1895-ல் லங்காஷயரின் ஆர்ச்சி மெக்லாரன் 424. அதுவும் டான்டனில், அதுவும் சாமர்செட் தலையில். விருந்தோம்பலில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.) 1986-ல் விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் கிளப் கழற்றிவிட்டபோது, நண்பர்களுக்காகக் கோபித்துக்கொண்டு இயன் போத்தம் வெளியேறிச் சேர்ந்ததும் வூஸ்டர்ஷயரில்தான். அவர் போன பிறகு 1988, 1989 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அவர்கள் சாம்பியன்! ஆக, பான்டன் அடித்தது பழைய கடனில் ஒரு தவணை. ஹிக் கணக்கில் மட்டுமே இன்னும் 34 ரன் பாக்கி.

வூஸ்டர்ஷயருக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. 1979 மே 24. பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை என்ற ஒருநாள் போட்டியின் கடைசி லீக் ஆட்டம், வூஸ்டரில். சாமர்செட் பிரிவில் முதலிடம். பெரிதாகத் தோற்று, மற்ற அணிகளும் புள்ளியில் சமமானால் மட்டும், விக்கெட் எடுக்கும் வேகக் கணக்கில் வெளியே போகும் அபாயம் இருந்தது. கேப்டன் பிரையன் ரோஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருநாள் ஆட்டத்தில் டிக்ளேர் செய்யக்கூடாது, அதாவது இன்னிங்ஸைப் பாதியில் முடித்துக்கொள்ளக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு தோற்றால் அந்த விக்கெட் கணக்கு கெடாது. முதல் ஓவர் முடிந்தது. ஒரு நோ-பால் உபயத்தில் ஸ்கோர் 1. ரோஸ் டிக்ளேர் செய்துவிட்டார்! வூஸ்டர்ஷயர் பத்துப் பந்தில் இரண்டு ரன் எடுத்து ஜெயித்தது. காசு கொடுத்து வந்தவர்களுக்கு உள்ளூர்க் கிளப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு வாரம் கழித்து ஓட்டெடுப்பு நடந்தது. 17-க்கு 1 என்ற கணக்கில் சாமர்செட்டைப் போட்டியிலிருந்தே தூக்கினார்கள். அந்த ஒற்றை ஓட்டு டெர்பிஷயருடையது. பிறகு ஒருநாள் ஆட்டத்தில் டிக்ளேருக்குத் தடையும் வந்தது. அதே ரோஸ், அதே வருடம் செப்டம்பரில், சனிக்கிழமை லார்ட்ஸில் ஜில்லட் கோப்பை, ஞாயிற்றுக்கிழமை நாட்டிங்ஹாமில் ஜான் பிளேயர் லீக் என்று இரண்டு நாளில் இரண்டு கோப்பை வாங்கினார். 104 வயது கிளப்புக்கு அவைதான் முதல் கோப்பைகள்.

"சட்டத்தில் இடம் இருக்கிறதே" என்பார்கள். நம் சட்டமன்றங்களில் கட்சி தாவுகிறவர்கள் சொல்கிற அதே வசனம்தான். சாமர்செட்டை நீக்கியது சரி என்பதே என் கட்சி. டிக்கெட் வாங்கியவனை ஏமாற்றியதற்கு விதிப் புத்தகம் ஜாமீன் தராது.

உடனே ஒரு கோஷ்டி பேனாவைத் திறக்கும், எனக்குத் தெரியும். "அப்படியானால் 2019-ல் ஜெய்ப்பூரில் அஸ்வின், ஜோஸ் பட்லரைப் பந்துவீசும் முனையில் ரன் அவுட் செய்தபோது நீங்கள் அஸ்வின் பக்கம் நின்றீர்களே, அதுவும் சட்டம் பேசியதுதானே?" இல்லை சார். அங்கே பந்து வீசப்படும் முன்பே கிரீஸைத் தாண்டி நகர்ந்தவர் பேட்ஸ்மேன். திருட்டுத்தனமாக ஒரு கெஜம் முன்னால் போகிறவரைப் பிடிப்பவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? 2022-ல் 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41-ம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38-ம் விதியில் அதைச் சேர்த்துவிட்டார்கள். கடிதம் எழுதியவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு ஒரு கார்டு போடவில்லை. அந்த பட்லர் டான்டனில் பிறந்து சாமர்செட்டில் வளர்ந்தவர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

டான்டன்வாசிகளுக்கு அந்தப் பாடம் முன்பே ஒருமுறை நடத்தப்பட்டது. நடத்தியவர் சென்னையில் பிறந்த முரளி கார்த்திக். சாமர்செட்டுக்கு ஆடிவிட்டு சர்ரேவுக்கு மாறியவர், 2012-ல் டான்டனுக்கே வந்து அலெக்ஸ் பாரோவை அதே முறையில் வெளியேற்றினார். மைதானமே ஊளையிட்டது. எனக்கு அவர் செய்ததில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஹரால்ட் கிம்ப்லெட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. "உனக்கு இங்கே வேலை இல்லை தம்பி" என்று அனுப்பப்படவிருந்த பண்ணை வீட்டுப் பையன். 1935-ல் ஃப்ரோமில் எசெக்ஸுக்கு எதிராக ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆர்தர் வெல்லார்டிடம் இரவல் வாங்கிய மட்டையோடு எட்டாவதாக இறங்கி 63 நிமிடத்தில் சதம். அந்த சீசனின் அதிவேகச் சதத்துக்கான பரிசும் அதற்கே. சாமர்செட்டுக்காக 21,142 ரன், இன்று வரை அந்தக் கிளப்பில் அதைத் தாண்ட ஆள் இல்லை. டிரெஸ்கோதிக் மாதிரி 27 சீசன் ஒரே கிளப்பில் இருந்தவராலேயே முடியவில்லை. வருடா வருடம் ஏலத்தில் சட்டை மாற்றும் இன்றைய ஆட்களின் தலைக்கு மேல் 'வரலாற்றுச் சாதனை' என்று டிவியில் எழுத்து ஓடும்போது நான் ஒலியைக் குறைத்துவிடுவேன்.

நம் ஊர்க்காரர்கள் என்றால், கார்த்திக்கைச் சொல்லிவிட்டேன். அவர் அங்கே இருந்த 2010-ல் கவுன்டி சாம்பியன்ஷிப்பில் சாமர்செட்டும் நாட்டிங்ஹாம்ஷயரும் புள்ளியில் சமம். ஜெயித்த ஆட்டங்கள் 7-க்கு 6. கோப்பை நாட்டிங்ஹாமுக்கு. 2016-ல் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டு, லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்ஷயரும் டிரா செய்தால் பட்டம் தங்களுக்கு என்று காத்திருந்தார்கள். அவர்களோ பேசிவைத்து ஓர் இலக்கை நிர்ணயித்து, டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுக்க, மிடில்செக்ஸ் சாம்பியன். 2019-ல் கடைசி ஆட்டம் டான்டனிலேயே. மழை புகுந்து கெடுத்தது, டிரா, எசெக்ஸுக்குப் பட்டம். அந்த வருடம் சில ஆட்டங்களுக்குப் போய் வந்தவர் நம் சென்னை முரளி விஜய்.

ஆக, ஒரு முரளி போனார், இரண்டாம் இடம். இன்னொரு முரளி போனார், மறுபடி இரண்டாம் இடம். சாமர்செட் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்து இங்கிருந்து ஆள் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழை ஒருமுறை வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.