கேளுங்க அண்ணே: திருவிழா வந்தா மட்டும் ஏன் சண்டை?

கேள்வி: அண்ணே, எங்க தேயிலைத் தோட்டத்துல மாரியம்மன் திருவிழா வந்தாலே மேக்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும், அதாவது மேல் பிரிவுக்கும் கீழ் பிரிவுக்கும் சண்டைதான். கரகம் மொதல்ல எந்த லயத்து (லைன் வீட்டு) வாசல்ல நிக்கணும், மாலை யாருக்கு, இதான் பிரச்சினையே. போன வருஷம் தேர் பாதி ரோட்டுல ரெண்டு மணித்தியாலம் நின்னுச்சு. சாமி கும்பிட்டா ஒத்துமை வரும்னு சொல்றீங்க, எங்க வருது?
- ஹட்டன் பக்கத்து வாசகர்

பதில்: தம்பி, ராத்திரி ஒரு புள்ளத்தாச்சிக்கு வலி வந்தா என்ன செய்வீங்க? வாகனம் வராத ரோட்டுல கம்பளிய கம்புல கட்டி தூக்கிட்டு ஓடுவீங்க, முன்னாடி புடிக்கிறவன் எந்த கணக்கு, எந்த சங்கத்துக்கு சந்தா வெட்டுறான்னு யாராச்சும் கேட்டிருக்கீங்களா? கேத வீட்டுல குழி வெட்ட கூப்புடாமலே பத்து இளந்தாரி வந்து நிப்பான். அங்க போறவன் எதையாச்சும் குடுக்கத்தான் போறான். கோயில்ல மாலை, பரிவட்டம், மொத தீபாராதனைன்னு வாங்கிக்கிறதுக்குல்ல கியூ நிக்குது.

சிவனொளிபாதம் ஏறியிருப்பீங்க. டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) தொடங்கி புத்தர் பண்டிகையான வெசாக் வரைக்கும் சீசன், 2243 மீட்டர் ஒசரம். நமக்கு சிவன் பாதம், சிங்களவங்களுக்கு புத்தர் பாதம், முஸ்லிம் ஆளுங்க ஆதம் நபி பாதம்பாங்க, கிறிஸ்தவங்கள்ல சிலபேரு புனித தோமையாரும்பாங்க. ஒருக்கா நல்லதண்ணி பக்கமா ஏறுறப்ப நடுச்சாமம் முழங்கால மடக்க முடியாம படியிலேயே ஒக்காந்துட்டேன், ஒரு சிங்கள ஆச்சி, மலையேறுறவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்ற "கருணாவய்"னு சொல்லிக்கிட்டே பக்கத்துல ஒக்காந்து வெத்தலப் பையத் தொழாவி சித்தாலேப தைல டப்பாவ எடுத்து, நான் வேணாங்கிறதுக்குள்ள தேச்சே விட்டுடுச்சு. விடியக்காலையில அந்த ஆச்சியும் நானும் கும்பிட்டது ஒரே கல்லத்தான்.

நம்ம அப்பர் சாமி கையில என்ன இருக்கும்? உழவாரம். நம்மாளுங்க மலையில புல்லு வெட்டுற சுரண்டிக்கு அண்ணன் முறை. அவ்வளவு பெரிய ஆளு கோயில் பிரகாரத்துல புல்லு செதுக்கினாரு, நாம பரிவட்டத்துக்கு அடிச்சுக்கிறோம்.

அதனால கொடி ஏத்துறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தண்ணி புடிக்கிற பீலிக்கரையையும் கோயில் ரோட்டு தண்ணிக் கானையும் துப்புரவாக்குங்க. மேக்கணக்குல ஒருத்தர் பணியக்கணக்குல ஒருத்தர்னு சோடி சோடியா விடுங்க, இல்லாட்டி அங்கயும் ரெண்டு கட்சியாத்தான் நிப்பீங்க. மாலைய அன்னைக்கு மம்பட்டி புடிச்சவங்கள்ல வயசுல மூத்தவங்களுக்கு போடுங்க, அது கொழுந்தெடுக்கிற ஒரு அம்மாவா இருந்தா ரொம்ப நல்லது. தலைவர்மார் மூஞ்சி சுருங்கும், சுருங்கட்டும்.

கேள்வி: பக்கத்து சிங்கள கிராமத்து வெசாக் தன்சல்ல (இலவச சாப்பாட்டுப் பந்தல்ல) வருஷா வருஷம் லைன்ல நின்னு சாப்பிடுறோம். திருப்பி நாங்க என்ன செய்யலாம்?
- பண்டாரவளை வாசகி

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. 2014 அக்டோபர் 29ல ஒங்க பக்கத்து மீரியபெத்தயில மண்சரிஞ்சு லயங்கள மூடினப்ப, மிஞ்சின நம்ம சனத்துக்கு சாமான் கொண்டாந்தவங்கள்ல சிங்கள ஆளுங்களும் இருந்தாங்க, முஸ்லிம் ஆளுங்களும் இருந்தாங்க. சொந்தமா தன்சல் போடறதுன்னா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்ட பதியணும், செலவும் இருக்கு, அத பொறகு பாப்போம். இந்த வருஷம் மொத நாள் ராத்திரியே நாலஞ்சு பேரா மரக்கறி வெட்டப் போங்க, எந்த தன்சல்லயும் அதுக்குத்தான் ஆளு பத்தாது. சிங்களம் சரியா வராட்டியும் வெங்காயம் உரிக்கலாம். கத்தி மட்டும் வீட்டுலருந்து கொண்டு போங்க, பிடியில நூல் கட்டி வைங்க, இல்லாட்டி திரும்பி வராது.